அர்ணாக் கயிற்றுக்குக் கீழே ஒரு கறுப்புப் பொருக்கு

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒன்றில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் லாட்ஜ், மெஸ், மெடிக்கல் எல்லாவற்றின் போர்டிலும் தமிழோடு இந்தியும் வங்காளமும் இருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் ராஞ்சியிலிருந்தும் ரெண்டு நாள் ரயிலில் வந்தவர்கள் காலை ஆறரைக்கே தடித்தடி ஃபைலோடு கடை வாசலில் நிற்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு என்று நாளெல்லாம் என் கண்ணாடிக்கு அடியில் போய்வருவது அடுத்தவர் உடம்புதான். இத்தனை வருஷத்தில் மருந்துப் பேரெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. கையெழுத்து புரியவில்லை என்று பக்கத்து மெடிக்கல் பையனே என்னிடம் சீட்டை நீட்டியிருக்கிறான். அந்தத் தெனாவட்டு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் சொந்த ஊர் ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரம். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஒரு காணியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஐப்பசிக் கடைசியில் பிடுங்குகிற நேரத்தில் ஆள் கிடைக்காது. நூறு நாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, மரக்காலுக்கு இவ்வளவு என்று பேசித்தான் பெண்களைக் கூப்பிட வேண்டும். அதனால் ரெண்டு நாள் கடையை மூடிவிட்டு நானும் போனேன். காலையில் மழை தூறிவிட்டுப் போயிருந்தது. வரப்பெல்லாம் முழங்கால் உயரப் புல். சட்டையைக் கழற்றிப் புதரில் போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செடி பிடுங்கினேன். மதியம் புங்கமரத்தடியில் துண்டை விரித்து ஒரு மணி நேரம் நல்ல தூக்கம். பட்டணத்து முதுகுக்கு அது சொர்க்கம்.

பதினோரு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது.

குளிர், தலை பிளக்கிற வலி, கண் முழியை அசைத்தால் வலி. முதல் நாள் பாராசிட்டமால். ரெண்டாம் நாளும் விடவில்லை. பீரோவுக்கு மேலே மருந்து டப்பாவில் அமாக்சிசிலின் கேப்சூல் ஒன்பது கிடந்தது. போன ஆடியில் என் மனைவி பல் பிடுங்கியபோது எழுதிக் கொடுத்தது. வலி நின்றதும் அவள் நிறுத்திவிட்டாள். ‘ஆன்ட்டிபயாடிக்தானே’ என்று நான் ஆரம்பித்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, நான்தான் பதினாறு வருஷ அனுபவசாலி ஆயிற்றே.

நாலாம் நாள் ஒரு மெடிக்கலில் போய், “இது கேக்கல தம்பி, கொஞ்சம் பவரா குடு” என்றேன். செஃபிக்ஸிம் கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. ஆறாம் நாள் ஒரு சின்ன கிளினிக். வைடால் டெஸ்ட் எடுத்தார்கள், பாசிட்டிவ். “டைபாய்டு” என்று சொல்லி ரெண்டு நாள் குளுக்கோஸ் பாட்டிலோடு செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி. அந்த டெஸ்ட் டைபாய்டு இல்லாதவர்களுக்கும் பாசிட்டிவ் காட்டக்கூடியது, அதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. காய்ச்சலுக்கு ஒரு பேர் கிடைத்ததே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் மாடிப்படி ஏறும்போது ஆறாவது படியில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது. வறட்டு இருமல் வேறு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “இன்னாடா நைனா, ஒடம்பு நெருப்பா கீது, எட்டு நாளா மாத்தர முழுங்கினியே இன்னாத்துக்கு?” என்றாள். பதில் சொல்ல முடியாத கேள்வி.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு சின்ன வயசு டாக்டர். என் மகளை விட அஞ்சாறு வயசு கூட இருக்கும். இதுவரை என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் என்று கேட்டார். ஊர் உலகத்துக்கெல்லாம் ஃபைல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறவன் கையில் என்னுடைய ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அட்டைகளைக் கூடத் தூக்கிப் போட்டிருந்தேன். “ஒண்ணு சிவப்பு மஞ்சள் கேப்சூலுங்க, ஒண்ணு வெள்ளை மாத்திரைங்க” என்று நிறம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மனைவி ஞாபகம் வைத்திருந்து பேரைச் சொன்னாள்.

அடுத்த கேள்வி: “ரெண்டு மூணு வாரத்துல காட்டுப் பக்கம், நிலத்துப் பக்கம் போனீங்களா?” மல்லாட்டை பிடுங்கினேன் என்றதும் எழுந்து திரையை இழுத்து மூடினார். சட்டை, லுங்கி எல்லாவற்றையும் தளர்த்தச் சொன்னார். டார்ச் அடித்துக் காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். கடைசியாக இடுப்பில் இருந்த அர்ணாக் கயிற்றை ஒரு விரலால் மேலே தூக்கினார்.

அங்கே இருந்தது. துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்த வளையம். சிகரெட்டால் சுட்டு வைத்த மாதிரி. வலி இல்லை, அரிப்பு இல்லை. நாலு நாளுக்கு முன்னாலேயே மனைவி அதைப் பார்த்து, “கவுறு அறுத்திருக்கும்” என்று தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள். அவள் தடவிய அந்த இடத்தைத்தான் டாக்டர் எஸ்கார் என்றார். கூட நின்ற ரெண்டு மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பையன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். வேலூரில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது பாடம் போல.

ஸ்க்ரப் டைஃபஸ். தமிழ்ப் பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. எனக்கு அந்தப் பேரில் ஒரு வருத்தம் உண்டு. உண்ணி என்றதும் நமக்கு மாட்டு மேல் கொழுத்துத் தொங்குகிறதுதான் நினைவுக்கு வரும். ‘நம்ம வீட்டில் மாடு இல்லையே’ என்று ஆள் அலட்சியமாகிவிடுவான். இதைப் பரப்புவது மாட்டு உண்ணி அல்ல, புல்லிலும் புதரிலும் இருக்கிற ஒரு வகை நுண்சிலந்திப் பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் கால்வாசி இருந்தால் பெரிது. கடித்தது தெரியாது, கண்ணுக்கும் படாது. உடம்பில் ஏறி, துணியோ கயிறோ இறுக்குகிற மடிப்பாகப் பார்த்து உட்காரும். அதன் வாய் வழியாக உள்ளே வருகிற பாக்டீரியாவின் பேர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ஜப்பானியப் பேர். காய்ச்சல் தலைகாட்ட ஆறு நாளிலிருந்து மூணு வாரம் வரை ஆகும். பெரும்பாலும் பத்து நாள் சுமாருக்கு. என் கணக்கு சரியாகப் பொருந்தியது. எல்லோருக்கும் இந்தப் பொருக்கு இருக்காது. இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது. மழைக்காலத்திலும் அதையொட்டிய பனிக்காலத்திலும் எங்கள் பக்கத்தில் இது வழக்கமாக வருகிறதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், கிட்னி, மூளை வரை போகும். எனக்கு எக்ஸ்ரேயில் நுரையீரலில் திட்டுத் திட்டாக இருந்தது, பிளேட்லெட் குறைந்திருந்தது, ஆக்சிஜன் 94-ல் நின்றது. நோயை உறுதி செய்ய ரத்தத்தை ஐஜிஎம் எலைசா என்கிற டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. வார்டில் சேர்த்த ஒரு மணி நேரத்தில் நர்ஸம்மா கையில் ஒரு கேப்சூலைக் கொடுத்தார்.

டாக்ஸிசைக்ளின், 100 மில்லிகிராம். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, 7 நாள்.

சீட்டைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். ஏனென்றால் அந்தப் பேர் எனக்குப் பழக்கம். முகப்பருவுக்கு எழுதுவார்கள், எலிக்காய்ச்சலுக்கு எழுதுவார்கள். விலையும் சல்லிசு. ஊசியே கேட்காத காய்ச்சலுக்கு இந்தச் சாதா கேப்சூலா? டாக்டரிடமே கேட்டுவிட்டேன்: “இத விட பவரானதுக்கே போகலீங்களே?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

அமாக்சிசிலின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் மூன்றும் ஒரே குடும்பம். பீட்டா லாக்டம் என்று பேர். பாக்டீரியாவுக்குச் சுற்றிலும் ஒரு மதில் உண்டு. வளர வளர அது மதிலை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்து மருந்துகள் அந்தக் கொத்தனாரின் கையைக் கட்டிப்போடும். மதில் ஓட்டையாகி, பாக்டீரியா ஊதி வெடித்துச் சாகும். நம் உடம்பு செல்லுக்கு மதிலே கிடையாது, அதனால் நமக்குச் சேதம் இல்லை. நல்ல மருந்துதான், எத்தனையோ நோய்க்கு. ஆனால் எனக்குள் புகுந்திருந்த கிருமிக்கு மதில் என்று சொல்லிக்கொள்ளப் பேருக்குத்தான் ஏதோ இருக்கிறது. அதோடு அது ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கவில்லை. என் செல்லுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மதிலே இல்லாத வீட்டை இடிக்க எட்டு நாளாக மூணு கொத்துக் கடப்பாரை வாங்கியிருக்கிறேன். முதலாவதை விட மூணாவது ‘பவர்’ என்று நான் நினைத்தது வெறும் விலை ஏற்றம்தான், என் காய்ச்சலைப் பொறுத்தவரை.

டாக்ஸிசைக்ளின் வேறு வேலை செய்கிறது. அது கொழுப்பில் சுலபமாகக் கரைகிற மருந்து, ஆகவே செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். பாக்டீரியாவுக்குள் ரைபோசோம் என்று ஒரு யந்திரம் இருக்கிறது. புரதம் செய்கிற யந்திரம். மரபுச் செய்தியைப் படித்துக்கொண்டே, வரிசையாக வந்து சேர்கிற அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு போகும். டாக்ஸிசைக்ளின் அந்த யந்திரத்தின் சின்னப் பாதியில், அமினோ அமிலம் வந்து அமர்கிற இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது உள்ளே வர முடியாது. புரதம் நிற்கும், வளர்ச்சி நிற்கும்.

“அதாவது பேப்பர் ஜாம்” என்றேன்.

டாக்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு, “ஆமாண்ணா, அதேதான்” என்றார்.

ஜெராக்ஸ் மெஷின் வைத்திருப்பவனுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரிஜினல் கண்ணாடி மேல் இருக்கிறது, டோனர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. ட்ரேயிலிருந்து தாள் இழுக்கிற இடத்தில் ஒரு கிழிசல் மாட்டிக்கொண்டால் மெஷின் மொத்தமும் நின்றுவிடும். நம் செல்லிலும் ரைபோசோம் இருக்கிறதே, அது ஜாம் ஆகாதா என்று கேட்டேன். அது வேறு மாடல், அந்தக் கிழிசல் அதில் அந்த மாதிரி மாட்டாது என்றார். இன்னொரு விஷயமும் அந்தப் பேச்சில்தான் விளங்கியது. டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் கிருமியை நேரே கொல்வதில்லை, பெருக விடாமல் நிறுத்துகிறது. மீதி வேலையை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி முடிக்க வேண்டும். ஆகவே காய்ச்சல் விட்டவுடன் மருந்தை நிறுத்தினால், ஜாமை எடுத்துவிட்ட கதைதான். மெஷின் மறுபடி ஓடலாம். மூணாம் நாளே காய்ச்சல் போய்விடும், அப்போது நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார். அவர் சொன்னபடியே முப்பத்தாறு மணி நேரத்தில் சட்டை நனைகிற அளவு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. எட்டு நாளைக்குப் பிறகு ரெண்டு இட்லி ருசித்தது.

இந்த மருந்தின் வம்சத்தில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். 1948-ல் வெளிவந்தது, மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது, தங்க நிறம் என்பதால் அந்தப் பேர். அதைக் கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர். அவர் வேலை பார்த்த லெடர்லே மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்ரகட சுப்பாராவ். அதே வருஷம் அவர் இறந்தும் போனார். டாக்ஸிசைக்ளின் அந்தக் குடும்பத்தில் பிற்பாடு திருத்திச் செய்யப்பட்டது. 1967-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உள்ளூரிலும் ஒரு சேதி உண்டு. தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளின் மட்டும் போதுமா, அஸித்ரோமைசின் மட்டும் போதுமா, ரெண்டும் சேர்த்தா என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று இந்தியாவில் ஏழு இடங்களில் 800-க்குச் சற்றுக் குறைவான நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது: ரத்தக்குழாய் வழியாக ரெண்டையும் சேர்த்துக் கொடுத்ததே மேல். அது நிலைமை முற்றியவர்களுக்கு. என்னைப் போல் ஓரளவோடு நின்றவனுக்கு வாயால் சாப்பிடும் ஒரு மருந்தே போதுமானதாக இருந்தது.

ரெண்டு நாள் வார்டில் இருந்துவிட்டு வீடு வந்தேன். இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். தெனாவட்டு முழுசாகப் போகவில்லையே.

நாலாம் நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தாயிற்று. பாதித் தூக்கத்தில் ஐயோ கேப்சூல் போடவில்லையே என்று ஞாபகம் வந்தது. எழுந்து உட்காரக்கூட இல்லை. தலையை மட்டும் தூக்கி, பக்கத்திலிருந்த சொம்பில் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்துகொண்டேன். விடியற்காலை நாலரைக்கு நெஞ்சு நடுவே கத்தி செருகின மாதிரி வலி. எச்சில் விழுங்கினால் உயிர் போகிறது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். கடைச் சாவி எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்றெல்லாம் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவள் அதைக் காதில் வாங்காமல் ஆட்டோ கூப்பிட்டாள்.

ஈசிஜி நார்மல். “ராத்திரி மாத்திரையை எப்படிப் போட்டீங்க?” என்று கேட்டார்கள். படுத்தபடி என்றதும் புரிந்துவிட்டது அவர்களுக்கு. டாக்ஸிசைக்ளின் தண்ணீரில் கரைந்தால் புளிப்பான அமிலம் மாதிரி ஆகிவிடும். போதுமான தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் கேப்சூலின் ஜெலட்டின் தோல் உணவுக்குழாய்ச் சுவரில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். படுத்திருந்தால் கீழே இறங்கவும் வழி இல்லை. ஒட்டின இடத்திலேயே கரைந்து அங்கேயே புண்ணாக்கிவிடும். எனக்கு ஆனது அதுதான். ஒரு வாரம் ஆறின ரசம் சாதமும் மோரும் மட்டும்தான் இறங்கியது.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு நர்ஸம்மா சொல்லத்தான் சொன்னார்: சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்து அல்லது நின்றுகொண்டு, ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு, போட்டபின் அரை மணி நேரமாவது படுக்காமல். நான் தலையை ஆட்டிக்கொண்டே பில் கவுண்டர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரிக் கேப்சூலைப் படுக்கப் போகிற நேரத்துக்கு வைத்துக்கொள்ளாமல் ராத்திரிச் சாப்பாட்டோடு முடித்திருந்தால் போதும். காலை எட்டு, ராத்திரி எட்டு. ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம், ஆனால் எழுந்து உட்கார்ந்துதான். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டியதுதான். ரெண்டையும் சேர்த்து முழுங்கக் கூடாது.

அன்று காலை வலிக்கு வீட்டிலேயே ஒரு காரியம் செய்திருந்தேன். ரோஸ் கலர் ஜெல்லூசில் மாதிரி ஒன்று இருந்தது, ரெண்டு மூடி குடித்தேன். அதையும் சொன்னேன். நல்லவேளை அதோடு கேப்சூல் போடவில்லை என்றார்கள். வாயு மருந்தில் இருக்கிற அலுமினியம், மெக்னீசியம், சத்து மாத்திரையில் இருக்கிற இரும்பு, கால்சியம் இவையெல்லாம் வயிற்றுக்குள் டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக் கட்டிவிடும். மருந்து ரத்தத்தில் ஏறாமல் அப்படியே வெளியே போய்விடும். ரெண்டு மூணு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த ஏழு நாளைக்கு அதை என்ன செய்வது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்வது மேல். பாலும் கொஞ்சம் குறைக்கும்; பழைய டெட்ராசைக்ளின் அளவுக்கு மோசமில்லை, இருந்தாலும் கேப்சூலைப் பாலோடு விழுங்க வேண்டாம். எங்கள் அம்மாவோ ஊர்ப் பசும்பாலில் மிளகும் மஞ்சளும் போட்டு, “மாத்தர சூடு, பாலோட போடு” என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பாலை நடுமதியத்துக்குத் தள்ளி வைத்ததில் அவளுக்குக் கோபம்.

புண் ஆறும்வரை கேப்சூல் வேண்டாம் என்று மீதி நாளுக்கு அஸித்ரோமைசினாக மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்க்ரப் டைஃபஸுக்கு அதுவும் கேட்கும். கர்ப்பிணிகளுக்கு வந்தால் அதைத்தான் பெரும்பாலும் தருகிறார்கள். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு டெட்ராசைக்ளின் வகை கொடுத்தால் பல் கறையாகும் என்று ஒரு பயம் உண்டு. பழைய மருந்துகளை ரொம்ப நாள் கொடுத்ததில் வந்த பயம் அது. இந்தக் காய்ச்சலுக்குக் குறைந்த நாள் டாக்ஸிசைக்ளின் கொடுப்பதில் அந்தக் கறை காணப்படவில்லை, ஆகவே தேவையென்றால் குழந்தைக்கும் டாக்டர்கள் எழுதத்தான் செய்கிறார்கள். எழுதிக் கொடுத்தபிறகு நாமே பயந்து நிறுத்துவதுதான் ஆபத்து.

வெயில் விஷயம் என்னைத் தொடவில்லை, கார்த்திகை மாசம். ஆனால் என் கடைப் பையன் பருவுக்கு ஒரு மாசம் இதே மருந்து சாப்பிட்டபோது சித்திரை வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காட்பாடிக்கும் கடைக்கும் வண்டியில் நாலு தடவை போய் வந்ததில் மூக்கும் முழங்கைக்குக் கீழேயும் தீயில் வாட்டின மாதிரி சிவந்து உரிந்துவிட்டது. இந்த மருந்து சிலருக்குத் தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைக்கும். முழுக்கைச் சட்டை, குடை, தொப்பி ஏதாவது வேண்டும். பருவுக்கு வைட்டமின் ஏ வகை மாத்திரையும் சேர்த்து யாராவது கொடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ரெண்டும் சேர்ந்தால் மூளையில் அழுத்தம் ஏறலாம். கடும் தலைவலியோடு பார்வை மங்கினால் உடனே ஓட வேண்டியதுதான். தோலில் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தாலும் அப்படியே. அது எந்த ஆன்ட்டிபயாடிக்குக்கும் பொது.

இப்போது மருந்து அட்டை கைக்கு வந்தால் திருப்பிப் பார்க்கிறேன். ஆன்ட்டிபயாடிக் அட்டைகளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்கான அடையாளம். 2016-ல் மத்திய அரசு அதைப் பற்றிப் பிரசாரமே செய்தது. அத்தனை வருஷமாக அந்தக் கோட்டை டிசைன் என்று நினைத்திருந்தேன். காய்ச்சலுக்கு எது சாப்பிட்டாலும் அட்டையைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வைக்கிறேன். அடுத்த டாக்டரிடம் போனால் அந்தக் கவரைக் கவிழ்த்துக் காட்டினால் போதும், நிறம் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் போனால் முழுக்கைச் சட்டை, பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு வரப்பில் இறங்குகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். துணியைப் புதரில் போடுவதில்லை. வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், துணி வெந்நீரில்.

மருந்து மாற்றியதில் என்னிடம் டாக்ஸிசைக்ளின் ஆறு கேப்சூல் மிஞ்சியது. பச்சை நிறம். பீரோ மேல் டப்பாவில் வைக்கக் கை போயிற்று. அந்த ஒன்பது அமாக்சிசிலினும் அங்கேதான் இருந்தது என்று ஞாபகம் வந்து நின்றுவிட்டது. டெட்ராசைக்ளின் வகையைக் காலாவதி ஆனபின் சாப்பிட்டுக் கிட்னி கெட்டவர்கள் பழைய நாளில் உண்டாம். கேப்சூலைப் பிரித்து, டீத்தூள் சக்கையோடு பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் போட்டேன். கழிவறையில் கொட்டினால் அது கடைசியில் பாலாற்று மண்ணுக்குத்தான் போய்ச் சேரும்.

தை மாசம் அம்மாவுக்குக் காய்ச்சல். போனில், “அந்தப் பச்ச மாத்தர மீதி கீதுன்னியே, பஸ்ல குடுத்தனுப்புடா” என்றாள். இல்லை, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். “காசு போட்டு வாங்கினத எவனாவது தூக்கிப் போடுவானா?” என்று ஒரு மூச்சுத் திட்டினாள். பக்கத்து வீட்டுத் தம்பியை விட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். நிலத்துக்குப் போனவள், காட்டுப் புல் அறுத்தவள் என்று மறக்காமல் சொல்லச் சொன்னேன். அங்கே ரத்தம் எடுத்தார்கள், உடம்பு முழுக்கப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல், ஆன்ட்டிபயாடிக் வேண்டாம் என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்தனுப்பினார்கள். மூணு நாளில் சரியாகிவிட்டது. சாயங்காலம் மறுபடி போன் பண்ணினாள், பாதிக் கோபம் பாதிச் சிரிப்பு.

“அந்த நர்சு பொண்ணு என் கொண்டைய அவுத்து, காதுக்குப் பின்னால எல்லாம் தேடினாடா. இத்தன வயசுல எனக்குப் பேன் பாத்து உட்டா.”